முதலில் எதை விடுவது? – கேள்வி பதில்

பதினாறு வருடங்களாக மனநல ஆலோசகராக வேலை செய்கிறேன். நடுவில் நானே ஒரு நீண்ட நோயில் படுத்து எழுந்தவள். கஷ்ட காலத்துக்குப் பிறகு அன்றாடத்தில் எதை முதலில் வைப்பது, எதைத் தள்ளி வைப்பது என்று பலரும் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, கணவர் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. ஒரு நாள் எல்லா வேலையும் ஓடுகிறது. மறுநாள் எழுந்திருக்கவே முடியவில்லை. எந்த அட்டவணையும் நிற்கமாட்டேன் என்கிறது.

பதில்: குறை உங்களிடம் இல்லை, அட்டவணையில்தான் இருக்கிறது. மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-ல் துக்கத்தைப் பற்றி எழுதும்போது இதைத்தான் சொன்னார்கள். துக்கத்தில் இருப்பவர் இழப்பை நினைத்து உருகுவதும், அன்றாட வேலையைப் பார்ப்பதுமாக மாறி மாறிப் போய்வருவார். அந்தப் போய்வருதல் இயல்பானது. அதனால் இரண்டு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். முடியாத நாளுக்கான பட்டியலில் மூன்றே வரி போதும்: வேளைக்குச் சாப்பிடுவது, குளிப்பது, ஒருவரிடமாவது பேசுவது. அந்த மூன்றும் நடந்தால் அன்றைய நாள் முடிந்தது என்று வையுங்கள். மிச்சம் இருப்பதை எண்ணிக்கொண்டு படுக்கப் போகாதீர்கள். முடியாத நாள் வந்துவிட்டதே என்று தயவுசெய்து உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஆபரேஷன் முடிந்து வேலைக்குத் திரும்பிவிட்டேன். உடம்பு நன்றாக இருக்கும் நாளில் தேங்கியதை எல்லாம் முடிக்கிறேன். அப்புறம் இரண்டு நாள் படுக்கை.

பதில்: நானும் மாதக்கணக்கில் இதே தப்பைச் செய்தேன். நல்ல நாளை வைத்துத் திட்டம் போட்டால் உடம்பு கடன்பட்டுக்கொண்டே போகும். சுமாரான நாளில் எவ்வளவு முடிகிறதோ, அதையே உங்கள் அளவாக வையுங்கள். நல்ல நாளிலும் அந்த அளவோடு நிறுத்துங்கள். களைத்த பிறகு அல்ல, களைப்பதற்கு முன்பே உட்காருங்கள். சில வாரம் அப்படி ஓடிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். எந்த வேகத்தில் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வேலை போய், இப்போதுதான் வேறு வேலை கிடைத்தது. விட்டுப்போனது எல்லாமே அவசரமாகத் தெரிகிறது. எங்கே தொடங்க?

பதில்: எல்லாவற்றையும் தாளில் இறக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, “இந்த மாதம் செய்யாவிட்டால் என்ன ஆகும்?” என்பதற்கு விடை எழுதுங்கள். பல வரிகளில் “ஒன்றும் ஆகாது” என்றுதான் வரும். அவற்றை இன்றைக்கே அடித்துவிடுங்கள். மிஞ்சியதிலும் நீங்கள் நினைக்கிற நேரத்தைவிடக் கூடுதலாக ஒதுக்குங்கள். ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்துப் போடுவது மனித இயல்பு என்று கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1979-லேயே எழுதிவிட்டார்கள். இன்னொன்று, தூக்கத்தை வெட்டி நேரம் தேடாதீர்கள். பட்டியலில் எது போனாலும் அது போகக்கூடாது.

கேள்வி: மனசு தெளிந்த பிறகு தொடங்கலாம் என்று இருக்கிறேன். சரியா?

பதில்: வேண்டாம். சிறிய செயல் முன்னே போனால் மனசு பின்னால் வரும். மனச்சோர்வுக்கான ஒரு சிகிச்சை முறையே இந்த அடிப்படையில்தான் நடக்கிறது. பத்து நிமிட நடை போதும்.

கேள்வி: தினமும் நடந்தால் 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்றார்கள். எனக்கு வரவில்லை. நடுவில் மூன்று நாள் வேறு விட்டுப்போச்சு.

பதில்: அந்த 21 நாள் கணக்கை நம்பாதீர்கள். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் செய்து 2010-ல் அச்சான ஆய்வில், ஒரு செயல் பழக்கமாகச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 நாள் வரை வித்தியாசம். ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதில் தெரிந்தது. மூன்று நாள்தானே, நாளைக்கு மறுபடியும் நடங்கள்.

கேள்வி: “எல்லாம் நன்மைக்கே, இதில் ஏதோ பாடம் இருக்கிறது” என்கிறார்கள். எனக்கு ஒரு பாடமும் தெரியவில்லை.

பதில்: தெரிய வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. துயரத்துக்குப் பின் சிலரிடம் வளர்ச்சி வருவது உண்மைதான். அதை ஆராய்ந்த டெடெஸ்கி, கால்ஹூன் இருவரும், துயரம் தானாக அதைத் தருவதில்லை, அதோடு போராடுவதில்தான் வருகிறது என்றார்கள். எல்லோருக்கும் வரும் என்றும் சொல்லவில்லை. உங்களுக்கு வலித்தது, அந்த வலிக்கு நீங்கள் யாருக்கும் நியாயம் சொல்ல வேண்டாம்.

கேள்வி: எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

பதில்: இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் மனம் கனத்தே இருந்தால், எதிலும் ஈடுபாடு இல்லாவிட்டால் போய்ப் பாருங்கள். உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். கூட ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, நீங்கள் எதை விட்டீர்கள்?

பதில்: ராத்திரி பத்து மணிக்கு மேல் வரும் போனை எடுப்பதை விட்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் சரி என்பதை விட்டேன். வாரம் ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பதையும் விட்டுப் பார்த்தேன். மூன்றாவது வாரமே மனசு தேட ஆரம்பித்தது. அதை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டேன்.