தப்பாக வெட்ட ஒரு மரம்

அன்புள்ள சார்,

மார்த்தாண்டத்தில் பதினெட்டு வருடமாகக் கணக்கு, வரி தாக்கல் அலுவலகம் நடத்துகிறேன். அண்டியாபீஸ் (முந்திரி ஆலை), ரப்பர் வியாபாரம், ஜவுளி, நகைக்கடை என்று எழுபது பேருக்கு மேல் ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறோம். இப்போது என்னிடம் வேலை பார்ப்பவர்கள் மூன்று பேர். மூவரும் பி.காம். முடித்தவர்கள், 21, 22 வயது.

கணக்கு கொடுத்திருக்கும் கட்சிக்காரரிடம் போனில் பேசச் சொன்னால் வாட்ஸப்பில் மெசேஜ் போட்டுவிட்டு "சொல்லியாச்சு சார்" என்கிறார்கள். மணி ஆறானால் பை தோளுக்குப் போய்விடும். போன மாதம் பத்தாம் தேதி, மறுநாள் ஜிஎஸ்டிஆர்-1 (மாத விற்பனை விவரம்) போடக் கடைசி நாள் என்று தெரிந்தும் ஒருவன் கிளம்பினான். கேட்டால் "ஆறு மணி வரைதானே சார் டைம்?" என்கிறான். ஒரு பிள்ளைக்கு லீவு வேண்டுமென்றால் அவள் அம்மா எனக்கு போன் செய்கிறார். எதைச் சொன்னாலும் "ஏன் சார்?" போன வாரம் நான்காவதாக இருந்த பையன் ராஜினாமாவையே வாட்ஸப்பில் அனுப்பினான். "நாளைலேர்ந்து வரல சார், தேங்க்யூ." அதற்கு இன்னும் பதில் போடவில்லை.

நான் தொழில் படித்தது என் முதலாளி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து. இரண்டு வருடம் கூட்டல் மட்டும்தான் போட்டேன். இவர்களைப் பழக்கி எடுக்க முடியுமா, இல்லை இந்தத் தலைமுறையே இப்படித்தானா? நீங்கள் வங்கியில் பலரை வைத்து வேலை வாங்கியவர், அதனால் கேட்கிறேன்.

எஸ்., மார்த்தாண்டம்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது அந்த ஸ்டூல். எனக்கும் ஒன்று இருந்தது.

1984-ல் வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் வராத காலம். சேமிப்புக் கணக்கு லெட்ஜர்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பொதுப் பேரேட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும். ஒருநாளும் ஒத்துப்போகாது. 180 ரூபாய் உதைக்கும், 27 ரூபாய் உதைக்கும். ராத்திரி கடைசி பஸ் போகிறவரை தாள் தாளாகப் புரட்டுவேன். பக்கத்தில் ஹெட் கிளார்க் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாஞ்சில் நாட்டுக்காரர், கணக்கில் புலி. "தேடு மக்கா, கிடைக்கும்" என்பதைத் தவிர ஒரு சொல் வராது. நான் அழுகிற நிலைக்கு வந்ததும் லெட்ஜரை இழுத்து ஐந்து நிமிடத்தில் தப்பைக் காட்டுவார்.

மூன்றாம் வருடம் அவருக்கு மாற்றல் வந்தது. போகிற அன்று டீக்கடையில் சொன்னார். "வித்தியாசத்த ஒம்பதால வகுத்துப் பாருடே. மீதி இல்லாம வகுபட்டா எங்கியோ ரெண்டு எண் இடம் மாறிக் கெடக்கு." 4,350-ஐ 4,530 என்று எழுதினால் வித்தியாசம் 180. ஒன்பதால் வகுபடும். வகுபடாவிட்டால் வித்தியாசத்தைப் பாதியாக்கி அந்தத் தொகையைத் தேடு, பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதியிருப்பாய் என்பதையும் அன்றுதான் சொன்னார். இரண்டு நிமிடப் பேச்சு. எனக்கு நன்றி வரவில்லை சார், கோபம்தான் வந்தது. எத்தனை கடைசி பஸ்!

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். நான் மேனேஜர் ஆன பிறகு பத்து வருடம் இதையேதான் செய்தேன் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். "அனுபவத்துல வரட்டும்" என்று சொல்வது கௌரவமாக இருக்கும். பாதி நேரம் அது என் சோம்பல்.

சரி, அந்த ஸ்டூலில் இன்னொரு விஷயம் இருந்தது. உங்கள் முதலாளி போனில் கட்சிக்காரரோடு சண்டை போடுவது, சமாதானமாவது, அதிகாரியிடம் குரலை இறக்குவது எல்லாம் உங்கள் காதில் விழுந்தது. யாரும் பாடம் எடுக்காமலே படித்தீர்கள். இன்று நீங்களும் மெசேஜ்தான் போடுகிறீர்கள். பில்லும் போட்டோவாக வருகிறது. உங்கள் அலுவலகத்தில் மூன்று ஸ்டூல் போட்டாலும் காதில் விழ ஒன்றும் இல்லை. வேலை ஊமையாகிவிட்டது. பார்த்துப் படி என்றால் அந்தப் பிள்ளைகள் உங்கள் முதுகையும் திரையையும்தான் பார்க்க வேண்டும்.

1997 முதல் 2012 வரை பிறந்தவர்களை ஜென் ஸீ என்கிறார்கள். அந்தப் பெயரை வைத்து எனக்கு ஒன்றும் புரிந்ததில்லை. ஆனால் உங்கள் பிள்ளைகளின் வயதைக் கணக்குப் போட்டால் ஒன்று தெரிகிறது. இவர்களில் யாராவது 2021-ல் பிளஸ் டூ முடித்தவர்களா என்று கேளுங்கள். அந்த வருடம் பொதுத்தேர்வே கிடையாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் இருந்து 30 என்று கூட்டிக் கொடுத்தார்கள். பதினாறு, பதினேழு வயதில் நாம் வாத்தியாரிடம் திட்டு வாங்கினோம், ஆபீஸ் ரூம் வாசலில் நின்றோம், தெரியாத பெரியவர்களிடம் பேசிக் காரியம் சாதித்தோம். இவர்கள் அந்த வயதில் வீட்டில் செல்போனோடு இருந்தார்கள். போன் பேசப் பயப்படுகிறார்கள் என்றால் அது திமிர் இல்லை, பழக்கமில்லை. அவர்கள் முன்னாலேயே, ஸ்பீக்கரில் போட்டு, நீங்கள் மூன்று கட்சிக்காரர்களிடம் பேசுங்கள். நான்காவது அழைப்பை அவர்கள் பேசட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். முதல் இரண்டு வாக்கியத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாலும் தப்பில்லை.

குலசேகரம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பால்வெட்டுக்காரர் இருக்கிறார். ரப்பர் மரம் வெட்டுக்கு வர ஏழு வருடம் ஆகும். ஒட்டுக்கட்டிய இடத்திலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் சுற்றளவு 50 சென்டிமீட்டர் இருந்தால்தான் கத்தி வைப்பார்கள். பால் இருப்பது பட்டையின் உள்பக்கம், மரத்தை ஒட்டி. ஆழம் குறைந்தால் பால் குறையும். ஒரு மில்லிமீட்டர் கூடினால் மரத்தில் காயம் படும், பிறகு பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து மறுபடி அந்த இடத்தில் வெட்டவே முடியாது. புதிதாக வரும் பையனிடம் கத்தியை எப்படிக் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். "முறிக்கப்போற பழைய மரம் இருக்கும்லா, அதுல வெட்டட்டும். அதுல எவ்வளவு வேணும்னாலும் தப்பு பண்ணலாம்" என்றார்.

உங்கள் அலுவலகத்திலும் அப்படிப்பட்ட மரங்கள் இருக்கின்றன சார். போன வருடம் தாக்கல் செய்து முடித்த கணக்குகள். ஒரு ஜவுளிக்கடையின் ஒரு மாத பில்களை அப்படியே எடுத்துப் புதிய பையனிடம் கொடுங்கள். முதலிலிருந்து அவன் போடட்டும். பிறகு நீங்கள் போட்டதையும் அவன் போட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கே தவறியது என்று அவனே கண்டுபிடிப்பான். வட்டி இல்லை, நோட்டீஸ் இல்லை, கட்சிக்காரர் மஞ்சள் பையோடு வந்து சத்தம் போடுவதும் இல்லை. நான்கு மாதக் கணக்கை இப்படிப் போட்டவன், இரண்டு வருடம் கூட்டல் மட்டும் போட்டவனைவிட அதிகம் தெரிந்தவனாக இருப்பான். (உங்களைச் சொல்லவில்லை. சரி, உங்களையும்தான்.)

பத்தாம் தேதி கிளம்பிய பையனுக்கு வருகிறேன். பதினொன்று கடைசி நாள் என்று அவனுக்குத் தெரியும். கடைசி நாள் தவறினால் யாருக்கு என்ன ஆகும் என்று தெரியுமா? உங்கள் ரப்பர் வியாபாரி பதினொன்றுக்குள் போடாவிட்டால், அவரிடம் சரக்கு வாங்கியவருக்குப் பதினான்காம் தேதி வருகிற 2பி-யில், அதாவது அவர் வாங்கிய பில்களின் பட்டியலில், அந்த பில் இருக்காது. 2022 ஜனவரியிலிருந்து 2பி-யில் இல்லாத பில்லுக்கு வரி வரவு எடுக்க, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைக் கட்ட வேண்டிய வரியில் கழிக்க, முடியாது. அவர் இருபதாம் தேதி 3பி (வரி கட்டும் மாதக் கணக்கு) போடும்போது அந்தப் பணத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டும். கட்டியவர் வியாபாரியைக் கூப்பிட்டு ஏசுவார், வியாபாரி உங்களை ஏசுவார். இந்தச் சங்கிலியைத் தாளில் வரைந்து ஒரே ஒருமுறை காட்டுங்கள். "ஏன் சார்?" என்ற கேள்விக்கு இதுதான் பதில். அந்தக் கேள்வியைக் கேட்க அவனுக்கு வாய் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். நான் மூன்று வருடம் கேட்காமல் இருந்தவன்.

மற்றபடி ஆறு மணி விஷயத்தில் நான் அவன் பக்கம். 10, 11, 19, 20 தேதிகளில் நேரமாகும் என்று சேருகிற அன்றே சொல்லுங்கள், பதிலுக்கு 12-ம் தேதி மதியம் வீட்டுக்கு அனுப்புங்கள். சொன்ன பிறகும் கிளம்பினால் அப்போது கோபப்படலாம், அதில் நான் உங்கள் பக்கம். அப்புறம், இவ்வளவு பெரிய கடிதத்தில் சம்பளம் எவ்வளவு என்று ஒரு வரி இல்லை. காலை ரயிலில் ஏறினால் திருவனந்தபுரம். அவர்கள் வகுப்பில் படித்தவர்கள் பலர் அங்கே இருக்கிறார்கள். அந்த வரியையும் யோசியுங்கள்.

திட்டுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். மேனேஜராக இருந்தபோது ஒரு பெண் குமாஸ்தாவை கவுண்டரில் வாடிக்கையாளர்கள் முன்னால் வைத்துச் சத்தம் போட்டேன். தப்பு அவளுடையதுதான். அன்றிலிருந்து அவள் வேலையில் ஒரு பிழை இல்லை. நான்கு மாதம் கழித்து ஒரு பெரிய தொகை தவறான கணக்கில் ஏறியது. அவள் அதை முதல் நாளே பார்த்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. ஏனம்மா என்று கேட்டதற்கு "நீங்க கேக்கல்ல சார்" என்றாள். அதற்குப் பிறகு எந்தப் பிழையானாலும் அன்றைக்கே, கதவைச் சாத்திக்கொண்டு, அந்தத் தாளை நடுவில் வைத்துத்தான் பேசியிருக்கிறேன். மாதக் கடைசியில் மொத்தமாகச் சேர்த்து வைத்துச் சொன்னால் எந்த வயதுக்காரனுக்கும் ஏறாது.

அம்மா போன் செய்வதற்கெல்லாம் வருத்தப்படாதீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என் அப்பா ஒரு மட்டிப்பழக் குலையோடு மேனேஜர் அறைக்குள் போய்ப் பத்து நிமிடம் பேசினார். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை. அந்தப் பிள்ளையிடம் "லீவை இனி நீயே கேளு, தருவேன்" என்று சொல்லுங்கள், போதும்.

ராஜினாமா அனுப்பிய பையனுக்கு பதில் போட்டுவிடுங்கள். சம்பளப் பாக்கி இருந்தால் முதலில் அதை அனுப்புங்கள். எந்த வேலை புரியாமல் போனது என்று ஒரு கேள்வியும் சேர்த்துக் கேளுங்கள், எழுதுவான் என்றே நினைக்கிறேன். ஒன்று மட்டும். "ஓகே" என்று எழுதிப் புள்ளி வைத்தால் இவர்களுக்கு அது கோபமாம். என் தங்கை மகள் சொல்லித்தான் எனக்கே தெரியும், அதுவரை குடும்பத்தில் எல்லோரிடமும் கோபமாகவே இருந்திருக்கிறேன். புள்ளி வைக்காமல் அனுப்புங்கள்.