அழுகைப் பாட்டா அரபெஸ்க்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். அலுவலகத் துருக்கி நண்பரின் காரில் துருக்கிப் பாடகர் ஓர்ஹான் கென்ஜெபாயின் பாட்டைக் கேட்டு அசந்துபோனேன். 'அரபெஸ்க்' என்ற இசைவகையாம். இன்னொரு துருக்கிக்காரரோ, "அது அரபிகளிடம் வாங்கிய அழுகை, எங்கள் இசையே அல்ல" என்கிறார். எது சரி?

உங்கள் வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாமவர் சொன்னது பழைய வசை. 'அரபெஸ்க்' என்ற பெயரே இழிவாகச் சொல்லப்பட்டதுதான். கென்ஜெபாய் அதைத் தன் இசைக்கு ஏற்றுக்கொண்டதில்லை.

அரபுத் தொடர்பு பொய்யல்ல. 1934இல் துருக்கி அரசு, மக்கள் ஐரோப்பிய இசைக்குப் பழகவேண்டும் என்று வானொலியில் சொந்த மரபிசையையே தடுத்தது. கேட்பவர்கள் கெய்ரோ பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். 1938இல் பாடகர் அப்துல் வகாப் நடித்த எகிப்தியப் படத்துக்கு இஸ்தான்புல்லில் கூட்டம் நெரிந்தது. வயலின்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே மெட்டை இழுக்கும் அந்த ஓசை அங்கிருந்து வந்ததே.

ஆனால் தடைதான் அரபெஸ்கைப் பெற்றது என்று பலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. அது இரண்டு வருடத்துக்குள் நீங்கிவிட்டது. கென்ஜெபாய் புகழ்பெற்றதோ 1968இல். இடையில் ஊரே பெயர்ந்து வந்தது. 1950இல் இஸ்தான்புல் மாகாணத்தில் சுமார் 12 லட்சம் பேர். 1980இல் 47 லட்சம். அனடோலியக் கிராமத்தார் நகர விளிம்பில் ராத்திரியோடு ராத்திரியாகச் சுவரெழுப்பிக் குடியேறினார்கள். அந்தக் குடியிருப்புக்கே 'கெஜெகொண்டு', இரவில் வந்திறங்கியது, என்று பெயர். அங்கிருந்து வேலைக்குப் போகும் 'தோல்முஷ்' என்ற பங்கு வண்டிகளில்தான் இந்தப் பாட்டு ஓடியது. அரசு வானொலி கதவடைத்தது. கேசட் வீடுவீடாகக் கொண்டுபோனது.

பாடல்களில் திரும்பத் திரும்ப மூன்று சொற்கள் வரும்: குர்பெத், கதெர், ஹஸ்ரெத். அயலூர் வாழ்வு, விதி, ஏக்கம். மூன்றுக்கும் வேர் அரபு. ஆனால் பாலமா என்ற நீண்ட கழுத்துள்ள தந்தி வாத்தியத்தை மீட்டி ஊர்ஊராய்ப் போன 'ஆஷிக்' எனும் நாட்டுப்புறப் பாடகர்கள் அவற்றை நூற்றாண்டுகளாகப் பாடிவந்திருக்கிறார்கள். கென்ஜெபாய் கையிலிருப்பதும் அதே பாலமாதான். இதை எப்படி அந்நிய இசை என்பது?

அழுகை என்பதும் அநியாயம். இன்னொரு அரபெஸ்க் பாடகரான முஸ்லூம் குர்செஸின் கச்சேரிகளில் இளைஞர்கள் பிளேடால் தங்களைக் கீறிக்கொண்டது உண்மை. அதைப் பார்க்க எனக்கும் மனம் பதறுகிறது. ஆனால் காயம் பாட்டுக்கு முன்பே இருந்தது. 1989இல் அரசே 'வலியில்லாத அரபெஸ்க்' செய்து பார்த்தது. மக்கள் அதைச் சீந்தவில்லை.

1961 ஒப்பந்தத்துக்குப் பின் ஜெர்மனிக்குக் கூலிவேலைக்கு வந்த துருக்கியரை ஊரில் 'குர்பெத்சி' என்பார்கள். உங்கள் நண்பரின் தாத்தாவும் அப்படி வந்தவராக இருக்கலாம். அடுத்த முறை காரில் ஏறும்போது, வீட்டில் முதலில் இந்தப் பாட்டைக் கேட்டது யார் என்று அவரிடம் விசாரியுங்கள். எனக்கும் எழுதுங்கள்.