சுவரை எடுத்துவிட்டார்கள், இனி எங்கே உட்கார்ந்து வேலை பார்ப்பது?

வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான். அறை அறையாக இருந்த ஆபீசைக் காலி செய்துவிட்டு, தடுப்பே இல்லாத பெரிய ஹாலில் எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்திருக்கிறார்கள். ஐ.டி. கம்பெனிகளில் இது பழைய கதை. இப்போது ஆடிட்டர் ஆபீஸ், இன்சூரன்ஸ், ஏற்றுமதி நிறுவனம் என்று மற்ற இடங்களிலிருந்தும் எழுதுகிறார்கள். அதனால் இந்தப் பகுதி முழுக்க அதற்கே.

கேள்வி: தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். இத்தனை வருஷமும் நாலு பேர் அறை. பொங்கலுக்கு அப்புறம் தொண்ணூறு பேர் உட்காரும் ஹாலுக்கு மாற்றிவிட்டார்கள். என் முதுகுக்குப் பின்னால் சேல்ஸ் டீம், நாள் பூரா போன். ஒரே இன்வாய்ஸை மூன்று தடவை பார்த்தும் மனதில் நிற்பதில்லை. மேனேஜரிடம் சொன்னால் "பழகிடும்மா" என்கிறார். எனக்குத்தான் வயசாகிவிட்டதா? (வாசகி, சென்னை)

வயசுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, முதலில் அந்த எண்ணத்தை விடுங்கள். உங்களைப் படுத்துவது வெறும் சத்தம் அல்ல, புரிகிற பேச்சு. ஏ.சி. உறுமல், மின்விசிறி, வெளியே போகிற பஸ், இதையெல்லாம் காது கொஞ்ச நேரத்தில் ஒதுக்கிவிடும். "சார், செவ்வாய்க்கிழமை லோடு வந்துடும்னு நீங்கதானே சொன்னீங்க" என்று ஒருவர் தெளிவாகப் பேசினால் ஒதுக்க முடியாது. வேண்டாம் என்று நினைத்தாலும் மூளை அதைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போய்விடும். அதிலும் போன் பேச்சு ரொம்ப மோசம். இரண்டு பேர் நேரில் பேசுவது காதில் விழுவதைவிட, ஒரு பக்கம் மட்டும் கேட்கிற போன் பேச்சு கவனத்தை அதிகமாகக் கெடுக்கிறது என்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் காட்டினார்கள். மறுமுனையில் இருப்பவர் என்ன சொல்லியிருப்பார் என்று மூளை தானாகவே ஊகிக்கக் கிளம்பிவிடுகிறதாம். உங்கள் பின்னால் அப்படி எத்தனை அரைப் பேச்சுகள் ஓடுகின்றன என்று யோசித்துப் பாருங்கள். போதாக்குறைக்கு, சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதர் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவார். எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இலேயே இதைச் சொல்லிவிட்டார். ஒருவர் உயர்த்த, அடுத்தவர் உயர்த்த, சாயங்காலம் நாலு மணிக்கு ஹால் கோயம்பேடு மார்க்கெட்டாகிவிடும்.

"பழகிடும்" என்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லாக் கடிதத்திலும் இந்த வார்த்தை இருக்கிறது. அதே கார்னெலில் 2000இல் வெளியான இன்னொரு ஆய்வு: எழுத்தர் வேலை பார்க்கும் 40 பெண்களை எடுத்துக்கொண்டு, பாதிப் பேரை அமைதியான இடத்திலும் மீதிப் பேரைத் திறந்த ஆபீசில் சாதாரணமாக இருக்கிற அளவு இரைச்சலிலும் மூன்று மணி நேரம் வேலை பார்க்க வைத்தார்கள். டென்ஷன் எப்படி என்று கேட்டபோது இரண்டு குழுவும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி பதில் சொன்னது. ஆனால் இரைச்சலில் இருந்தவர்களின் சிறுநீரைச் சோதித்தால், டென்ஷனில் உடம்பு சுரக்கிற அட்ரினலின் கூடியிருந்தது. அப்புறம் கொடுத்த கடினமான புதிர்களை அவர்கள் சீக்கிரமே கைவிட்டார்கள். உட்கார்ந்த நிலையைக்கூட அவ்வளவாக மாற்றிக்கொள்ளவில்லை, அப்படியே விறைத்து உட்கார்ந்திருந்தார்கள். பழகிவிட்டது என்று வாய் சொல்லும், உடம்பு சொல்லாது. உங்கள் மேனேஜருக்கு இதை அப்படியே எடுத்துச் சொல்லுங்கள்.

என்ன கேட்கலாம்? அறையைத் திரும்பக் கேட்டால் கிடைக்காது. சேல்ஸ் டீமையும் கணக்கையும் பிரித்து உட்கார வைக்கச் சொல்லிக் கேளுங்கள். வேலையின் தன்மை பார்த்து இடம் ஒதுக்கினாலே பாதித் தலைவலி போய்விடும், செலவும் கிடையாது. அதுவும் முடியாது என்றால் 7ஆம் தேதி டி.டி.எஸ். (பிடித்தம் செய்த வருமான வரி) கட்டுவது, 11இல் ஜி.எஸ்.டி.ஆர்.-1, 20இல் 3பி என்ற ஜி.எஸ்.டி. கணக்குகளைத் தாக்கல் செய்வது என்று உங்களுக்கு நெருக்கடி வருகிற நாட்கள் முன்கூட்டியே தெரியுமே, அந்தத் தேதிகளுக்கு முந்தைய இரண்டு நாளும் ஒரு சின்ன மீட்டிங் ரூமைக் கணக்குப் பிரிவுக்கே ஒதுக்கித் தரச் சொல்லுங்கள். தலைக்கு மேலேயும் ஒருமுறை பாருங்கள். ஃபால்ஸ் சீலிங் போடாமல் கான்கிரீட்டையும் குழாயையும் கறுப்பு பெயிண்ட் அடித்து அப்படியே விட்டிருக்கிறார்களா, கீழே வழவழ டைல்ஸ், சுற்றிலும் கண்ணாடியா? பார்க்க அழகுதான், ஆனால் பேச்சை உறிஞ்ச அங்கே ஒன்றுமே இல்லை, எல்லாம் திரும்ப உங்கள் காதுக்கே வரும். ஒலியை உறிஞ்சுகிற சீலிங் பலகை, கார்ப்பெட், உட்கார்ந்தால் தலை மறைகிற உயரத்துக்குத் துணி ஒட்டிய தடுப்பு, இவை எல்லாம் கிடைக்கிற பொருட்கள்தான்.

கேள்வி: கலந்து பேசி வேலை செய்ய வேண்டும் என்று சொல்லித்தான் எங்களை ஒரே ஹாலுக்குக் கொண்டுவந்தார்கள். நடப்பது நேர்மாறு. பக்கத்து சீட்டில் இருப்பவனுக்கே சாட்டில் மெசேஜ் அனுப்புகிறோம். காலையில் காதில் ஹெட்போன் மாட்டினால் சாயங்காலம்தான் கழற்றுகிறார்கள். எங்கள் ஆட்கள் மட்டும்தான் இப்படியா? (வாசகர், கோவை)

இல்லை சார். ஹார்வர்டைச் சேர்ந்த ஈத்தன் பெர்ன்ஸ்டீனும் ஸ்டீபன் டர்பனும் 2018இல் இதைத்தான் அளந்து வெளியிட்டார்கள். இரண்டு பெரிய அமெரிக்க நிறுவனங்கள் தலைமை அலுவலகத்தைத் திறந்த ஹாலாக மாற்றின. மாற்றத்துக்கு முன்பும் பின்பும் ஊழியர்கள் கழுத்தில் சென்சார் மாட்டி, யார் யாருடன் நேருக்கு நேர் பேசுகிறார்கள் என்று பதிவு செய்தார்கள். நேரில் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்துவிட்டது. மின்னஞ்சலும் சாட்டும் ஏறின.

யோசித்தால் காரணம் புரிந்துவிடும். நாலு பேர் அறையில் "இந்த ஃபைல்ல எனக்கு ஒண்ணு புரியல" என்று சத்தமாகக் கேட்கலாம், ஹாலில் அதை நாற்பது பேர் கேட்பார்கள், அந்தப் பக்கம் ஜி.எம். உட்கார்ந்திருப்பார். பேசினால் அரட்டை என்று நினைப்பாரோ என்ற பயம் வேறு. ஆக, மனிதர் தனக்குத் தானே ஒரு சுவர் கட்டிக்கொள்கிறார், அதுதான் அந்த ஹெட்போன்.

நிர்வாகத்தில் இருக்கிற வாசகர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஒரு சதுர அடிக்கு மாதம் இவ்வளவு வாடகை, ஒரு ஆளுக்கு இத்தனை சதுர அடி என்ற கணக்கில்தான் பெரும்பாலும் இந்த முடிவு எடுக்கப்படுகிறது. அதில் தப்பில்லை, கம்பெனி பிழைக்க வேண்டும். ஆனால் வாடகைக்காகச் செய்துவிட்டு ஒத்துழைப்புக்காக என்று மேடையில் பேசும்போதுதான் ஊழியருக்குக் கோபம் வருகிறது. "இடத்தைக் குறைத்தால் இவ்வளவு மிச்சம், அதில் ஒரு பங்கை உங்கள் வசதிக்கே செலவழிக்கிறோம்" என்று நேராகச் சொல்லுங்கள், பாதிப் பேர் ஏற்றுக்கொள்வார்கள். சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 303 கட்டடங்களில் 42,000 பேருக்கு மேல் சொன்ன கருத்துகளை அலசி 2013இல் எழுதியதும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது: திறந்த ஹாலில் பேசிக்கொள்ளக் கிடைக்கிற வசதி, சத்தத்தாலும் தனிமை போனதாலும் வருகிற அதிருப்தியை ஈடுகட்டவில்லை.

கேள்வி: 22 வருஷ சர்வீஸ். போராடி வாங்கிய கேபின் போய்விட்டது. வீட்டில் சொன்னால் "இதுக்கா இவ்ளோ?" என்கிறார்கள், ஆபீசில் சொன்னால் ஈகோ என்பார்கள். (வாசகர், மதுரை)

ஈகோ என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். கதவில் பேர் ஒட்டிய ஒரு அறை என்பது உங்கள் 22 வருஷத்துக்குக் கிடைத்த மரியாதை, அது ஒரு வெள்ளிக்கிழமை சர்க்குலரில் போய்விட்டால் மனசு வலிக்கத்தான் செய்யும். மாற்றுகிறவர்கள் குறைந்தபட்சம் முன்கூட்டியே கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியிருக்க வேண்டும்.

ஆனால் நிர்வாகத்திடம் பேசும்போது அந்த வலியைப் பிடிக்காதீர்கள், வேலையைப் பிடியுங்கள். உங்களுக்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு பெண் கர்ப்பமாக இருப்பதை முதன்முதலாக உங்களிடம் சொல்ல வருகிறார், ஒரு பையன் அப்பாவுக்கு கீமோ என்று அட்வான்ஸ் கேட்டு வருகிறான், அப்ரைசலில் ஒருவருக்கு மார்க் குறைவு என்று நீங்களே சொல்ல வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் எங்கே வைத்துப் பேசுவது? லிஃப்ட் பக்கத்திலா, டீ மெஷின் பக்கத்திலா? கதவு மூடுகிற, கண்ணாடியில் பாதி உயரத்துக்காவது ஸ்டிக்கர் ஒட்டிய இரண்டு சின்ன அறைகள், முன்பதிவு இல்லாமல் நுழைகிற மாதிரி, உங்கள் தளத்தில் வேண்டும் என்று கேளுங்கள். அதை உங்களுக்காக அல்ல, அந்தப் பெண்ணுக்காகவும் பையனுக்காகவும் கேட்கிறீர்கள்.

கேள்வி: எல்லோரும் திட்டுகிறார்கள், எனக்கு மட்டும் பிடித்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. சீனியர்கள் கஸ்டமரிடம் பேசுவதைப் பக்கத்தில் கேட்டே நிறையக் கற்றுக்கொண்டேன். இதைச் சொன்னால் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடக்கூட விடமாட்டார்கள் போல. (வாசகி, திருச்சி)

தாராளமாகச் சொல்லுங்கள் தங்கச்சி. கேபின் கதவைத் தட்டப் பயந்து, தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொண்டே காலம் தள்ளியவர்கள் எத்தனையோ பேர். உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை, நல்லது. ஒன்று மட்டும் கவனியுங்கள். நீங்கள் கற்றுக்கொண்டது பக்கத்தில் இருக்கும் மூன்று நான்கு சீனியர்களிடம், ஹாலில் இருக்கிற எல்லோரிடமும் அல்ல. ஆறேழு பேர் சேர்ந்து உட்காருகிற ஒரு அறையிலும் இதே பலன் கிடைத்திருக்கும். அதனால் உங்கள் சீனியர் சத்தம் தாங்கவில்லை என்று சொன்னால் அவர் உங்களுக்கு எதிராகப் பேசுவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஏ.சி. குளிர் தாங்கவில்லை. சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டு உட்காருகிறேன். எதிர் வரிசை ஆண்களுக்கு அது போதவில்லையாம். அப்புறம் ஒருவருக்குச் சளி பிடித்தால் வரிசையே படுக்கிறது. (வாசகி, ஓசூர்)

ஆபீஸ் குளிர் அளவுக்கான பழைய விதிகள், 1960களில் சுமார் 70 கிலோ எடையுள்ள 40 வயது ஆணின் உடல் சூட்டை வைத்து எழுதப்பட்டவை, பெண்கள் உடம்பில் உண்டாகிற சூட்டை அவை 35 சதவீதம் வரை கூட்டிக் கணக்கிடுகின்றன என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் 2015இல் எழுதினார்கள். வணிகக் கட்டடங்களில் ஏ.சி.யை 24 முதல் 26 டிகிரிக்குள் வைக்கச் சொல்லி மத்திய மின்துறை அமைச்சகம் 2018இலேயே ஆலோசனை சொல்லியிருக்கிறது, அட்மினிடம் அதைக் காட்டுங்கள். காற்று நேராக இறங்குகிற துவாரத்துக்குக் கீழே உங்கள் சீட் இருந்தால் இடம் மாற்றிக் கேளுங்கள், எதிர் வரிசைக்காரர் சந்தோஷமாக மாறிக்கொள்வார்.

சளி விஷயம் இன்னும் முக்கியம். டென்மார்க்கில் 2011இல் வந்த ஒரு ஆய்வில், ஆறு பேருக்கு மேல் உட்காருகிற திறந்த அறைகளில் இருப்பவர்கள், தனி அறைக்காரர்களைவிட 62 சதவீதம் அதிக நாள் உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுத்திருந்தார்கள். எல்லாம் கிருமியால் என்று சொல்ல முடியாது, களைப்பும் எரிச்சலும் சேர்ந்ததாக இருக்கலாம். கொரோனா வந்த புதிதில், 2020 மார்ச்சில், தென்கொரியத் தலைநகர் சியோலில் ஒரு கால் சென்டர் இருந்த தளத்தில் 216 பேரில் 94 பேருக்குத் தொற்று, அதிலும் பெரும்பாலானோர் தளத்தின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். தும்மிக்கொண்டே வருகிறவரை "வீட்டிலிருந்து பாருப்பா" என்று அனுப்புகிற டீம் லீடர்தான் உங்களுக்கு இப்போது தேவை. விடுப்பு எடுத்தால் முறைக்கிற ஆபீசில் திறந்த ஹால் வைக்கவே கூடாது என்பேன்.

கேள்வி: இப்போது சொந்த சீட்டே கிடையாது, காலையில் ஆப்பில் புக் செய்ய வேண்டும். பிள்ளையை ஸ்கூலில் விட்டுவிட்டு, ட்ரெயின் பிடித்து வந்தால் பாத்ரூம் கதவு பக்கத்து சீட்தான் மிச்சம் இருக்கிறது. எல்லோருக்கும் வருத்தம், யாரும் வாய் திறப்பதில்லை. எப்படிக் கேட்பது? (வாசகி, தாம்பரம்)

இது புதிதல்ல. 1994இல் அமெரிக்காவில் சியாட்/டே என்ற பிரபல விளம்பர நிறுவனம் யாருக்கும் நிரந்தர மேஜை கிடையாது என்று அறிவித்தது. ஊழியர்கள் ஃபைல்களைக் கார் டிக்கியில் வைத்துக்கொண்டு அலைந்தார்கள், காலையில் இடம் பிடிக்க முந்தினார்கள். சில வருஷத்தில் நிறுவனம் புதுக் கட்டடத்துக்குப் போனபோது அவரவர்க்கு மேஜை திரும்பி வந்தது. ஜெர்மனியில் நடந்தது இன்னும் பெரியது. திறந்த ஹாலை 1950களின் கடைசியில் ஒரு கொள்கையாகவே வளர்த்த நாடு அது. 1970களில் அங்கேயும் ஸ்வீடனிலும் ஊழியர் குழுக்களுக்குச் சட்டத்தில் பலம் கூடியதும், அவர்கள் எதிர்த்துப் பேசி ஜன்னல் உள்ள சின்ன அறைகளைத் திரும்ப வாங்கினார்கள்.

உங்களுக்கு அந்தச் சட்ட பலம் இல்லை, சரி. ஆனால் வாய் திறக்காமல் இருந்தால் "எல்லோருக்கும் பிடித்துவிட்டது" என்று மேலே ரிப்போர்ட் போய்விடும். தனியாகப் போகாதீர்கள், நாலைந்து பேர் சேர்ந்து பெயர் போட்டு எச்.ஆருக்கு ஒரே மெயில் அனுப்புங்கள். "ஓப்பன் ஆபீஸ் பிடிக்கவில்லை" என்று எழுதினால் பதில் வராது. இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: எந்த மணிக்கு வந்தீர்கள், எந்த சீட் கிடைத்தது, எத்தனை நாள் டீம் ஆட்களோடு உட்கார முடியவில்லை. அதைத் தேதியோடு மெயிலில் போடுங்கள். ஒன்பதரைக்கு மேல் வருகிறவர்களில் பிள்ளை வளர்க்கிற பெண்களும் தூரத்திலிருந்து வருகிறவர்களும்தான் அதிகம் என்பது அந்தக் குறிப்பிலேயே தெரிந்துவிடும், நீங்கள் தனியாக வாதாட வேண்டியதில்லை. கேட்பதும் சின்னதாக இருக்கட்டும்: ஒவ்வொரு டீமுக்கும் ஒரு பகுதி ஒதுக்க வேண்டும், அதில் சில சீட்டுகள் பத்து மணி வரை புக் ஆகாமல் இருக்க வேண்டும், சாப்பாட்டுப் பையும் லேப்டாப்பும் வைக்க ஆளுக்கொரு லாக்கர் வேண்டும். மூன்று மாதம் சோதனையாகச் செய்து பாருங்கள் என்று எழுதினால் மறுக்கக் கஷ்டம். பதில் வராவிட்டால் அதே மெயிலுக்குக் கீழேயே இரண்டாவது வாரமும் எழுதுங்கள், புது மெயில் போடாதீர்கள், முதலில் எப்போது கேட்டீர்கள் என்ற தேதி அதில் இருக்கும்.