பொது நூலகத்தின் இணையத்தளத்தைச் சீரமைத்தல்: கேள்வி பதில்

(கோலாலம்பூரில் பொதுத்துறை இணையத்தளங்களை வடிவமைத்துவரும் ஒருவர் பதிலளிக்கிறார்.)

ஜார்ஜ்டவுன் வாசகர்: எங்கள் நூலகத்தின் இணையத்தளத்தைப் புதுப்பிக்கக் குழு அமைத்திருக்கிறோம், ஐயா. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நிறத்திலிருந்து தொடங்காதீர்கள். ஒரு வாரம் முகப்பிடத்தில் அமர்ந்து, வருபவர்களும் தொலைபேசியில் அழைப்பவர்களும் கேட்பதை அவர்களுடைய சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஐந்து பேரை அழைத்து, அவரவர் கைத்தொலைபேசியில் பழைய தளத்தைத் திறக்கச் செய்து, இரவல் நூலின் தவணையை நீட்டிப்பது போன்ற ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, உதவாமல் அருகிலிருந்து பாருங்கள். ஐவரைக் கொண்டு சோதித்தாலே சிக்கல்களில் ஏறத்தாழ 85 விழுக்காடு வெளிப்பட்டுவிடும் என்று இணையத்தளப் பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 2000-இல் எழுதினார்; திருத்திய பின் வேறு ஐவரை வைத்து மீண்டும் சோதிக்க வேண்டும் என்பதும் அவர் சொன்னதே.

அப்படியொரு சோதனையில், அறுபதை நெருங்கிய அம்மா ஒருவர் உறுப்பினர் படிவத்தைத் தேடி, நகரும் படங்களை விரலால் தள்ளிக்கொண்டே இருந்தார். கடைசியில் கிடைத்தது, சாய்வாக ஸ்கேன் செய்து ஏற்றிய பிடிஎஃப். இரு விரலால் பெரிதாக்கிப் பார்த்தவர், "நேரிலேயே போய்க்கொள்கிறேன், தம்பி" என்று தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார். அதை ஏற்ற ஒப்புதல் அளித்தவர்களில் நானும் ஒருவன்.

பட்டர்வொர்த் வாசகர்: பிரிவுகளின் பெயர்களை எப்படி வரிசைப்படுத்துவது?

பதில்: பிரிவுகளின் பெயர்களை முகப்பில் வைக்கவே வேண்டாம். நூல் இரவல் கேட்பவருக்கு அது எந்தப் பிரிவின் பொறுப்பு என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பாயான் லெப்பாஸ் வாசகர்: எங்கள் சர்வர் அடிக்கடி நின்றுவிடுகிறது.

பதில்: அது என் துறையன்று, தகவல் தொழில்நுட்பப் பிரிவை அணுகுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: நம்மவர்கள் எல்லாரும் மலாய் படிக்கிறார்கள். தமிழ்ப் பக்கம் எதற்கு? இயந்திர மொழிபெயர்ப்புப் பொத்தான் போதாதா?

பதில்: போதாது. கடைத்தெருவில் சரளமாக மலாய் பேசும் மூத்தவர்கள், 'பெம்பஹாருவான் கெஆஹ்லியான்' என்ற எழுத்து மலாயைக் கண்டு தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். 'உறுப்பியம் புதுப்பித்தல்' என்றால் உடனே புரிந்துகொள்கிறார்கள். இயந்திரமோ, ஆங்கிலத்தில் 'புக்' என்பது நூலையும் முன்பதிவையும் குறிப்பதால், அறை முன்பதிவுக்கான பொத்தானைப் 'புத்தக அறை' என்று மாற்றியது. நூலகத்தில் இதைவிடக் குழப்பம் வேண்டுமா?

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: இருநூறு பக்கங்களைத் தமிழாக்கும் செலவை யார் ஏற்பது? புதுப்பிக்க ஆளில்லாவிட்டால் தமிழ்ப் பக்கமே மக்களை அலைக்கழிக்கும்.

பதில்: இரண்டாவது கவலை நியாயமானது, பழைய திறப்பு நேரத்தைக் காட்டும் பக்கம் இல்லாத பக்கத்தைவிடக் கேடானது. ஆகவே முகப்பிடக் குறிப்பேட்டில் அடிக்கடி வந்த ஏழெட்டு வேலைகளை மட்டும் தமிழில் எழுதுங்கள். மலாய்ப் பக்கம் மாறும் அன்றே தமிழும் மாற ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். மொழி தமிழ் என்பதைப் பக்கத்தின் நிரலில் குறிப்பிடத் தவறாதீர்கள். இல்லாவிட்டால் பார்வையற்றோரின் திரைவாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் வாசிக்க முயலக்கூடும்.

செராஸ் வாசகர்: எந்த நிறம் பொருத்தமானது?

பதில்: நிறம் பற்றி இன்று வந்த மூன்றாவது கேள்வி இது. எழுத்துக்கும் பின்புலத்துக்குமான ஒளி வேறுபாடு 4.5-க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையக் கூடாது. மற்றதைக் குழுவே முடிவு செய்யட்டும்.

ஜெலுத்தோங் வாசகர்: படிவத்தை இப்போதைக்கு ஸ்கேன் செய்து ஏற்றலாமா?

பதில்: வேண்டாம். அப்படி ஏற்றிய படிவத்தால் அந்த அம்மா பட்ட பாட்டை மேலேயே சொன்னேன். அதிலுள்ள எழுத்து வெறும் படம். தேடவும் முடியாது, திரைவாசிப்பானுக்கும் எட்டாது. படிவத்தைப் பக்கத்திலேயே அமைத்து, கேட்காமலேயே வேலை நடக்கும் கட்டங்களை ஒவ்வொன்றாக நீக்குங்கள்.