வாட்டில் படிப்பிப்பது: கேளுங்கள், சொல்கிறேன்

திருகோணமலையில் வாட் வேலையும் பயிற்சித் தாதியருக்குப் படிப்பிப்பதுமாக 20 வருடம் ஓடிவிட்டது. வந்த கேள்விகளில் நாலுக்கு மட்டும் இன்றைக்குப் பதில்.

அக்கா, செய்து காட்டும்போது தலையாட்டுகிறார்கள், அடுத்த நாள் முழிக்கிறார்கள். என்ன செய்ய?

தலையாட்டலை நம்பாதீர்கள். பெய்டன் முறை என்று 4 படி இருக்கிறது. முதலில் பேசாமல் வழமையான வேகத்தில் செய்து காட்டுவது, பிறகு விளக்கியபடி மெதுவாக, மூன்றாவதில் பிள்ளை சொல்லச் சொல்ல நீங்கள் செய்வது, கடைசியில் பிள்ளையே சொல்லிச் செய்வது. நேரமில்லை என்று எல்லோரும் தாண்டுவது மூன்றாவதைத்தான், ஆனால் பிழை பிடிபடுவதே அங்கேதான். ஒரு தங்கச்சி, பொம்மைக் கையில் கனூலா (நாளத்துக்குள் விடும் மெல்லிய குழாய்) போட எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தவள், கையை இறுக்கிக் கட்டிய ரப்பர் பட்டியை அவிழ்க்கச் சொல்லாமலே ஊசியை உருவச் சொன்னாள். நான் அசையாமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் "ஐயோ, பட்டி!" என்றாள். இரண்டு தரம் காட்டியும் அது அவள் கண்ணில் படவேயில்லை.

கிண்ணியாவிலிருந்து: மிஸ், வாட் நிரம்பி வழியுது. படிப்பிக்க எங்கே நேரம்?

வகுப்பு எடுக்க வேண்டாம், ஒரு கட்டிலடியில் ஒரு கேள்வி போதும். "500 மில்லிலீட்டர் சேலைன், 4 மணித்தியாலம், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு?" 42 என்றால் விடாதீர்கள், ஏன் என்று கேளுங்கள். 20 சொட்டு ஒரு மில்லிலீட்டர் என்று அவள் மனதில் எடுத்திருப்பாள். சரி, இது ஒரு மில்லிலீட்டருக்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட் (சின்னச் சொட்டுக் குழாய்) என்றால்? அப்போதுதான் செட் வந்த உறையைப் புரட்டிப் பார்ப்பாள்.

நோயாளிக்கு முன்னால் திருத்தலாமா?

ஆபத்தென்றால் உடனே கையைப் பிடித்து நிறுத்துங்கள். மற்றதெல்லாம் மருந்து அறைக்குள்.

இரவில் டொக்டருக்குப் போன் எடுக்கவே புதுப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள்.

எஸ்பார் (SBAR) என்று நோயாளியின் நிலையை நாலு படியில் சொல்லும் முறையைப் பழக்குங்கள்: இப்போது என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், உங்களிடம் என்ன வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவத்துக்கு வந்த முறை, துறைமுக ஊர்க்காரர்களுக்குப் பிடிக்காமலா போகும்! இரண்டு பேரை முதுகோடு முதுகாக உட்காரவைத்துப் பேசவிடுங்கள், முகம் தெரியக்கூடாது. "5ஆம் கட்டில், டெங்கு, காய்ச்சல் விட்டு முதல் நாள், பிரஷர் 90க்கு 75, மேலுக்கும் கீழுக்கும் இடைவெளி 15தான், ஷொக்குக்குப் போகிறார் என்று நினைக்கிறேன்." இதுவரை நன்றாகச் சொல்வார்கள். "இப்போதே வந்து பாருங்கள்" என்ற கடைசி வரியில்தான் குரல் இறங்கும். அந்த வரியை மட்டும் பத்துத் தரம் சொல்லவையுங்கள்.