கேட்டா சொல்றேன்: கொய்னா பட்டையும் ஆப்பிரிக்கா மேப்பும்

போன இதழ்ல நம்ம நீலகிரி நடுவட்டத்துல இருந்த கொய்னா தோட்டத்தப் பத்தி (கொய்னாங்கறது மலேரியா காய்ச்சலுக்கு மரப்பட்டையில இருந்து எடுக்குற மருந்து) எழுதும்போது, "இந்த மருந்து இல்லேன்னா வெள்ளைக்காரன் ஆப்பிரிக்காவுக்குள்ள கால் வெச்சிருக்கவே முடியாது"ன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். அவ்ளோதான், லெட்டர் வந்து குவிஞ்சிருச்சு. நாலு நாளா மிஸ்ட், வெளிய போக வழியில்ல, அதனால உக்காந்து பதில் எழுதியாச்சு.

மரப்பட்டைக்கும் ஒரு கண்டத்தப் புடிக்கிறதுக்கும் என்ன சார் சம்பந்தம்? ரீல் விடாதீங்க.
— ஒரு வாசகர், கூடலூர்

கூடலூர்க்காரர் நீங்களே இப்படிக் கேக்கலாமா? ஒரு காலத்துல உங்க பக்கம் வேலைக்குப் போனவன் குளிர் காய்ச்சல் இல்லாம திரும்பி வந்தா அது அதிசயம். உங்க பாட்டி இருந்தா கேட்டுப் பாருங்க.

போர்ச்சுகீசியன் ஆப்பிரிக்கா கடற்கரையில எல்மினாங்கற எடத்துல கோட்டை கட்டினது 1482ல. அங்கிருந்து கணக்கு போட்டா கிட்டத்தட்ட 400 வருஷம் ஐரோப்பாக்காரன் கடற்கரையிலயே உக்காந்திருந்தான், அங்கங்க கோட்டை, குடோன், அடிமை வியாபாரம், அவ்ளோதான். 1870 வாக்குல பாத்தாகூட கண்டத்துல பத்துல ஒரு பங்குதான் அவன் கையில இருந்துச்சு. 1914ல பத்துல ஒம்பது பங்கு! எத்தியோப்பியாவும் லைபீரியாவும்தான் தப்பிச்சது. 400 வருஷம் வாசல்ல நின்னவன் 40 வருஷத்துல வீட்டையே புடிச்சுட்டான்னா நடுவுல என்னமோ மாறியிருக்கணும் இல்லீங்களா.

முன்னாடி உள்ள போகாததுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, உள்ள இருந்த ராஜாக்கள் சும்மா இல்ல, வியாபாரம் அவங்க கையில இருந்துச்சு, வெள்ளைக்காரன் கடற்கரையில சரக்க வாங்கிட்டுப் போனா போதும்னு வெச்சிருந்தாங்க. இன்னொண்ணு காய்ச்சல். மேற்கு ஆப்பிரிக்காவுக்கு 'வெள்ளைக்காரன் கல்லறை'ன்னே பேரு. 1841ல நைஜர் ஆத்துல மூணு ஸ்டீமர் விட்டாங்க, போன ஐரோப்பியர்கள்ல மூணுல ஒருத்தர் மாதிரி செத்துப் போனாங்க, திட்டமே ஊத்தி மூடிருச்சு. அதே நைஜர்ல 1854ல பெய்க்கிங்கற டாக்டர் ஒரு கப்பல் கூட்டிட்டுப் போறார், காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடியே தினம் கொய்னா குடுக்கறார், மாசக்கணக்கா உள்ள இருந்துட்டு வந்தும் ஒரு ஐரோப்பியர்கூட காய்ச்சல்ல சாகல. பூட்டுக்கு சாவி கெடச்ச மாதிரி ஆயிருச்சு.

ஆனா ஒண்ணு திருத்திக்கணும், போன இதழ்ல நான் எழுதினத படிச்சா என்னமோ நம்ம நடுவட்டம் கொய்னாவ வெச்சுத்தான் ஆப்பிரிக்காவ புடிச்ச மாதிரி இருக்கும். அது தப்பு. மார்க்கம்ங்கற பிரிட்டிஷ் அதிகாரி தென் அமெரிக்காவுல இருந்து நாத்து, விதை எல்லாம் கொண்டு வர ஏற்பாடு பண்ணி, ஊட்டி கார்டன்ல இருந்த மெக்ஐவர் தொட்டபெட்டாவுலயும் நடுவட்டத்துலயும் வெச்சது 1860க்கு அப்புறம்தான், பெய்க்கியோட கப்பல் அதுக்கு முன்னாடியே போயிட்டு வந்தாச்சு. நம்ம மரத்து மருந்து பெரும்பாலும் இந்தியாவுக்குள்ளயே பட்டாளத்துக்கும் ஜனங்களுக்கும் செலவாச்சு. பின்னாடி உலக மார்க்கெட்ட புடிச்சது டச்சுக்காரனோட ஜாவா தோட்டம், நம்ம பட்டைய விட அதுல சத்து அதிகம். ஆக மருந்து ஒண்ணுதான், கடை வேற.

பெர்லின் மாநாட்டுல ஸ்கேல் வெச்சு கோடு போட்டு ஆப்பிரிக்காவ பங்கு போட்டுக்கிட்டாங்கன்னு கிளாஸ்ல சொன்னாங்க. எக்ஸாமுக்கு அப்படியே எழுதலாமா?
— கல்லூரி மாணவி, ஊட்டி

எழுதினா மார்க் வரும்மா. ஆனா பாதிதான் சரி.

மாநாடு நடந்தது 1884 நவம்பர் 15ல இருந்து 1885 பிப்ரவரி 26 வரைக்கும். கூட்டினது ஜெர்மனியோட பிஸ்மார்க். 14 நாடு வந்துச்சு, அமெரிக்காவும் துருக்கியும்கூட உண்டு. ஆப்பிரிக்காவுல இருந்து ஒரு ஆள்கூட கெடையாது, பாகப்பிரிவினையில வீட்டுக்காரனையே கூப்புடாத கதை. ஆனா அங்க அவங்க பேசினது முக்கியமா காங்கோ, நைஜர் ஆறுகள்ல யார் யார் கப்பல் விடலாம், வியாபாரத்துக்கு என்ன ரூலு, அப்புறம் கடற்கரையில புதுசா எடம் புடிக்கிறவன் மத்தவனுக்கு நோட்டீஸ் குடுக்கணும், சும்மா கொடிய நட்டுட்டு ஓடிரக்கூடாது, அங்க நெஜமாவே ஆட்சி பண்ணணும், இவ்ளோதான். இந்த கடைசி ரூலுதான் விஷம். "நெஜமா இருக்கணும்"னு சொன்னதும் எல்லாரும் ஆள அனுப்ப ஆரம்பிச்சாங்க.

நீ மேப்புல பாக்குற கோடெல்லாம் அதுக்கப்புறம் இருவது வருஷத்துல ரெண்டு ரெண்டு நாடா உக்காந்து பேசி போட்டது. 1890ல பாரு, பிரிட்டனும் ஜெர்மனியும் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, அதுல கிழக்கு ஆப்பிரிக்கா பக்கம் இருக்குற சான்சிபார் மேல ஜெர்மனி கை வெக்காது, பதிலுக்கு வடகடல்ல இருக்குற ஹெலிகோலாந்துன்னு ஒரு துக்கடா தீவு ஜெர்மனிக்கு. சான்சிபார் சுல்தான யாரும் கேக்கல, அந்தத் தீவு மீனவனையும் யாரும் கேக்கல.

பெர்லின்ல உண்மையிலேயே லாட்டரி அடிச்சது பெல்ஜியம் ராஜா லியோபோல்ட். ஸ்டான்லின்னு ஒரு ஆள முன்னாடியே காங்கோவுக்கு அனுப்பி, அங்க இருக்குற தலைவர்கள்கிட்ட என்ன எழுதியிருக்குன்னே தெரியாத காகிதத்துல குறி வாங்கி வெச்சிருந்தார். அத காட்டி, அடிமை வியாபாரத்த ஒழிக்கப் போறேன், தர்மம் பண்ணப் போறேன்னு பேசி 1885ல பெல்ஜியத்தப் போல 70 மடங்குக்கு மேல இருக்குற நாட்ட சொந்த எஸ்டேட்டா வாங்கிட்டார். பெல்ஜியம் நாட்டுக்குன்னுகூட இல்ல, அவர் பேருக்கு! 1888ல டன்லப் காத்தடைச்ச டயர் கண்டுபுடிச்சார், ரப்பருக்கு கிராக்கி ஏறுச்சு, காங்கோ காட்டுல ரப்பர் கொடி. ஊருக்கு இவ்ளோ ரப்பர்னு கோட்டா, கொண்டு வரலேன்னா பொண்டாட்டிய புடிச்சு வெப்பாங்க, சிப்பாய் ஒரு தோட்டாவ சுட்டா அது வீண் போகலன்னு காட்ட வெட்டின கைய கொண்டு வரணும். இதுல நான் எதுவும் கூட்டி எழுதல. பிரிட்டிஷ் தூதர் கேஸ்மென்ட்டோட ரிப்போர்ட் 1904ல வெளிய வந்து ஊரே காறித் துப்பின பிறகுதான், 1908ல பெல்ஜியம் அரசாங்கம் ராஜா கையில இருந்து புடுங்குச்சு.

சுத்தி வளைக்காதீங்க, எல்லாத்துக்கும் காரணம் காசுதானே?
— ரிட்டயர்டு பேங்க் ஊழியர், குன்னூர்

உங்க லைன்ல வர்ற கேஸ் ஒண்ணு சொல்றேன், எகிப்து. அங்க ஆண்ட இஸ்மாயில் ஐரோப்பா பேங்குகள்ல கடன் மேல கடன் வாங்கினார், ரயிலு, கால்வாய், அரண்மனை, 1869ல சூயஸ் கால்வாய் தொறப்பு விழா வேற. வட்டி கட்ட முடியல. 1875ல கையில இருந்த கால்வாய் ஷேர 40 லட்சம் பவுனுக்கு பிரிட்டனுக்கு வித்தார். அடுத்த வருஷமே திவால். கடன் குடுத்தவன் ஆளுங்க வந்து கஜானாவுல உக்காந்தாங்க, 1879ல அவரையே எறக்கிட்டாங்க, ஜனங்களும் பட்டாளமும் எதிர்த்து எந்திரிச்சதும் 1882ல பிரிட்டிஷ் பட்டாளம் உள்ள வந்துச்சு. மீட்டர் வட்டிக்காரன் கடைசியில வீட்டு சாவிய வாங்கிக்கிற கதைதானுங்க.

தெற்க பாத்தா 1867ல வைரம், 1886ல தங்கம். நம்ம தேவாலா பந்தலூர்ல 1880 வாக்குல தங்கம் தங்கம்னு லண்டன்ல ஷேர் வித்தாங்களே, அதே ஜுரம்தான், இங்க புஸ்ஸாச்சு, அங்க நெஜமாவே இருந்துச்சு. மேற்க பாமாயில், மெஷினுக்கும் சோப்புக்கும். 1873க்கு அப்புறம் ஐரோப்பாவுல வியாபாரம் படுத்துருச்சு, ஒவ்வொரு நாடும் வரிய ஏத்தி கதவ சாத்துச்சு, அதனால தனக்குன்னு ஒரு மார்க்கெட் வேணும்னு எல்லாருக்கும் பதட்டம்.

ஆனா காசு மட்டும்னா கணக்கு ஒதைக்குது. சஹாரா மணல்ல பிரான்ஸுக்கு என்ன லாபம்? புடிச்ச எடத்துல பல எடம் வரவுக்கு மேல செலவு வெச்சதுதான். பிரான்ஸ் 1871ல ஜெர்மனிகிட்ட அடி வாங்கி மானம் போயி கெடந்துச்சு, அத எங்கயாவது தேத்தணும். பிரிட்டனுக்கு இந்தியாவுக்கு வர்ற வழிய காப்பாத்தணும். மத்ததெல்லாம் மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல ஜன்னல் வழியா துண்டு போடுற கேஸ்: நமக்கு சீட்டு வேணுமோ இல்லயோ, பக்கத்துல நிக்கிறவன் போடுறதுக்கு முன்னாடி போட்டுறணும். 1898ல ஃபஷோதான்னு நைல் ஓரத்துல ஒரு பாழடைஞ்ச கோட்டைக்காக பிரிட்டனும் பிரான்ஸும் சண்டை வரைக்கும் போயி, பிரான்ஸ் துண்ட எடுத்துக்கிட்டு எறங்கிருச்சு. என்னக் கேட்டா ஆரம்பிச்சு வெச்சது காசு, வேகம் குடுத்தது பொறாமை.

அவ்ளோ பெரிய கண்டத்துல ஒருத்தர்கூடவா எதிர்த்து நிக்கல?
— ஒரு வாசகி, கோத்தகிரி

நின்னாங்கம்மா, நல்லாவே நின்னாங்க. தென் ஆப்பிரிக்காவுல 1879ல இசண்டில்வானாங்கற எடத்துல ஜூலு படை ஒரு பிரிட்டிஷ் முகாமையே அழிச்சுது. மேற்குல சமோரி தூரேங்கற ராஜா 1898 வரைக்கும் பிரெஞ்சுக்காரன அலைய விட்டார்.

எனக்குப் புடிச்சது எத்தியோப்பியா. 1889ல இத்தாலிக்காரன் மெனலிக் ராஜாகிட்ட ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்குறான். அவங்க மொழி அம்ஹாரிக்ல 'வெளிநாட்டு விஷயத்துக்கு வேணும்னா இத்தாலி மூலமா பேசிக்கலாம்'னு இருக்கு, இத்தாலி பிரதியில 'பேசியே ஆகணும்'னு இருக்கு. அத வெச்சு எத்தியோப்பியா எங்க பாதுகாப்புல இருக்குன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டான். ஆனா மெனலிக் வெவரமானவர், ஒப்பந்தத்த தூக்கிப் போட்டுட்டு ஐரோப்பாவுல இருந்தே துப்பாக்கிய வாங்கிக் குவிச்சார், 1896 மார்ச் 1ல அத்வாவுல இத்தாலிப் படைய ஓட ஓட வெரட்டினார்.

துப்பாக்கி இல்லாதவங்க கதி வேற. மாக்ஸிம்ங்கறவர் 1884ல தானா சுடுற மெஷின் கன் செஞ்சார். 1898ல சூடான் ஒம்துர்மான்ல ஒரே காலையில பத்தாயிரத்துக்கும் மேல சூடானியர் செத்தாங்க, பிரிட்டிஷ் பக்கம் அம்பது பேர்கூட இல்ல. தென்மேற்குல ஹெரேரோ, நாமா ஜனங்கள 1904ல இருந்து ஜெர்மன்காரன் பாலைவனத்துல வெரட்டியும் முகாம்ல அடைச்சும் கொன்னதெல்லாம் போர்னே சொல்ல முடியாது, இன அழிப்பு.

இன்னொண்ணு யாரும் அதிகமா பேசறதில்ல. 1880கள் கடைசியில மாட்டு வெக்கை நோய் வடகிழக்குல ஆரம்பிச்சு 1890கள்ல தெக்கு முனை வரைக்கும் பரவுச்சு, வெளிநாட்டு மாட்டோட வந்த நோய். மந்தை மந்தையா செத்துச்சு, மாட்ட நம்பி இருந்த ஜனம் பஞ்சத்துல விழுந்துச்சு. எருமைய நம்பி வாழுற தோடர்கள பக்கத்துல பாத்த நமக்கு இது வேற யாரும் சொல்லிப் புரிய வேண்டியதில்ல. அந்த நேரத்துல வந்து நின்னவன் கையில துப்பாக்கி.

இதுல நம்ம ஆளுங்க பங்கு உண்டா?
— ஒரு வாசகர், வெலிங்டன்

உண்டு, ரெண்டு விதமா. 1860 அக்டோபர்ல மெட்ராஸ்ல இருந்து ட்ரூரோங்கற கப்பல் 342 பேர ஏத்திட்டு கெளம்பி நவம்பர்ல டர்பன் போய்ச் சேந்துச்சு, தென் ஆப்பிரிக்காவுல இருக்குற நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு. இன்னிக்கும் அங்க கவுண்டர், நாயுடு, பிள்ளைன்னு பேர் இருக்குறது அப்படி வந்ததுதான். இன்னொண்ணு பட்டாளம்: பாலம், ரோடு போடுற மெட்ராஸ் சாப்பர்ஸ் 1868ல எத்தியோப்பியாவுக்கும் 1882ல எகிப்துக்கும் போனாங்க. உங்க ஊர் மெட்ராஸ் ரெஜிமென்ட் வேற, இது பெங்களூர்க்காரங்க, கொழப்பிக்காதீங்க.

கென்யா டீ வந்து நம்ம எலைக்கு வெல இல்லாம பண்ணுதுன்னு சொல்றாங்க. அங்க எப்படி சார் டீ போச்சு?
— சிறு தேயிலை விவசாயி, மஞ்சூர்

இங்க ஊட்டி எப்படி உருவாச்சோ அதே காரணம்தாங்க அண்ணா, குளிர். கென்யா மலை மேல வெள்ளைக்காரனுக்கு ஒத்துக்குற சீதோஷ்ணம். மொம்பாசாவுல இருந்து உள்ள போக 1896ல ரயில் போட ஆரம்பிச்சாங்க, அஞ்சு வருஷ வேலை, இந்தியாவுல இருந்து போன கூலிங்க மட்டும் 32,000 பேர், அதுல கிட்டத்தட்ட 2,500 பேர் திரும்பல. ரயில் போட்ட காச எடுக்கணுமே, அதனால மலை நிலத்த கிரவுன் நிலம், அதாவது பிரிட்டிஷ் அரசாங்க நிலம்னு சட்டம் போட்டு வெள்ளைக்காரனுக்கு குடுத்தாங்க, 1915 சட்டத்துல 999 வருஷ குத்தகை! அந்த நிலத்துல மாடு மேச்சிட்டும் பயிர் வெச்சுட்டும் இருந்த மாசாய், கிகுயு ஜனங்கள ஒதுக்கிவிட்டு, குடிசைக்கு வரி போட்டாங்க. வரிய காசா கட்டணும், காசுக்கு தோட்டத்துல கூலிக்குப் போகணும். வேலைக்கு ஆள் சேக்க இத விட சுளுவான வழி உண்டா.

1903ல லிமுருவுல மொத டீச் செடி வெச்சாங்க, அது போனது இந்தியாவுல இருந்துதான். கெரிச்சோ பக்கம் பெரிய எஸ்டேட்டுங்க வந்தது 1920கள்ல. ஆப்பிரிக்க விவசாயி சொந்த நிலத்துல டீ போடுறதுக்கு ரொம்ப நாள் விடவே இல்ல. 1963ல சுதந்திரம் வந்த பிறகுதான் அது பெருசா வளந்துச்சு, இன்னிக்கு அங்க பாதிக்கு மேல எலை, அரை ஏக்கர் ஒரு ஏக்கர் வெச்சிருக்குற சிறு விவசாயி பறிக்கிறதுதான். அவரும் கூடைய தோள்ல மாட்டிட்டு பேக்டரி வண்டிக்கு கெளை ரோட்டுல நிக்கிறார், கிலோவுக்கு இன்னிக்கு என்ன போடுவாங்கன்னு பாத்துட்டு.