அரை மணியில் படுக்கும் சிலிண்டர்

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். எனக்கு ஊர் உவரி, இப்போது தாராவியில் இருக்கிறேன். வெர்சோவாவில் கோலி மீனவர் சமூகத்து நண்பர் ஒருவரோடு கூட்டாகச் சின்ன ஃபைபர் படகு வைத்திருக்கிறேன். பழைய 25 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், சிலிண்டருக்கு ஒரு காயில். முதல் அரை மணி நேரம் சொன்னபடி கேட்கிறது. அப்புறம் ஒரு சிலிண்டர் படுத்துவிடும். ஆறினால் மறுபடி சரி. மெக்கானிக் இரண்டு காயில், ஒயர், சி.டி.ஐ. பெட்டி எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார். ஜூலை 31-ஆம் தேதி மீன்பிடித் தடை முடிவதற்குள் தயாராக வேண்டும். எதில் தொடங்குவது? பைக் பிளக் ஒயர் போடலாமா?
- ஒரு வாசகர், தாராவி

பதில்: தம்பி, பர்ஸை மூடி வையுங்கள். கடைக்குப் போக இன்னும் நேரம் இருக்கிறது.

முதலில், படுப்பது கரண்டா, எரிபொருளா என்று தெரிய வேண்டும். கார் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் டைமிங் லைட்டை ஒரு நாள் இரவல் வாங்குங்கள், கூடவே 12 வோல்ட் பேட்டரி ஒன்று. அதன் கிளிப்பைப் பிளக் ஒயரின் மேல் கவ்வவிட்டால் ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் விளக்கு மின்னும். சிலிண்டர் படுத்த பிறகும் மின்னிக்கொண்டே இருந்தால் காயிலைத் திட்டாதீர்கள், கார்பரேட்டரைக் கழற்றுங்கள். மின்னுவது நின்றுவிட்டால் தொடர்ந்து படியுங்கள். ஓடும்போது பிளக் கேப்பைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வழக்கம் வேண்டாம். போகும் வழி கிடைக்காத கரண்ட் காயிலையே உடைத்துக்கொண்டு வெளியேறும், இல்லாவிட்டால் உங்கள் கை வழியாக.

ஃப்ளைவீலுக்கு அடியில் இருக்கும் சார்ஜ் காயில் 200, 300 வோல்ட் தயாரித்து சி.டி.ஐ. பெட்டிக்குள் தேக்கி வைக்கிறது. ஸ்பார்க் விழ வேண்டிய நேரத்தைச் சொல்லும் ட்ரிகர் சைகை காட்டியதும் அது மொத்தமாக இக்னிஷன் காயிலில் இறங்குகிறது. காயில் அதை 20,000 வோல்ட்டுக்கு மேல் ஏற்றி ஒயரில் அனுப்புகிறது. இந்த மாதிரி எஞ்சின்களில் சார்ஜ் காயில் பெரும்பாலும் இரண்டு சிலிண்டருக்கும் பொது. அது கெட்டால் இரண்டுமே படுக்கும். ஒன்று மட்டும் படுப்பதால் உங்கள் சந்தேகம் அந்தப் பக்கத்துக் காயில், ஒயர், கேப், எர்த் ஆகியவற்றில் இருக்கட்டும்.

எர்த் என்றதும் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். மஜ்காவில் பட்டறை போட்ட புதிதில் இதே நோயோடு ஒரு எஞ்சின் வந்தது. இரண்டு காயில் மாற்றினேன், நோய் போகவில்லை. கடைசியில் பார்த்தால் காயிலைப் பிடித்திருந்த போல்ட்டுக்கு அடியில், கறுப்பு ஒயரின் வளையத்தைச் சுற்றி, உப்புப் பூத்து வெள்ளை மாவாக நின்றது. உப்புத்தாள் வைத்து அலுமினியம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தேன். எஞ்சின் பாடியது. இரண்டு காயில் காசை நான்தான் கட்டினேன். அதனால் உங்களுக்கும் முதல் வேலை அந்த போல்ட்தான். தேய்த்து, மாட்டி, மேலே கொஞ்சம் கிரீஸ்.

அடுத்து கேப். மரத்தில் ஸ்க்ரூ போவதுபோல ஒயருக்குள் திருகியிருக்கும். இடப்பக்கம் சுழற்றினால் வந்துவிடும். முனைச் செம்பு பச்சை பிடித்திருந்தால் அரை சென்டிமீட்டர் நறுக்கிவிட்டுத் திரும்பத் திருகுங்கள். ரெசிஸ்டர் கேப் என்றால் மல்டிமீட்டரில் சுமார் 5,000 ஓம் காட்ட வேண்டும். முள் அசையாவிட்டால் கேப் போய்விட்டது.

இனி காயில். சூடானால் மட்டும் கெடும் காயில் குளிர்ந்த நிலையில் மீட்டரை ஏமாற்றும். ஒயர் முனைக்கும் காயில் எர்த்துக்கும் மீட்டரை வைத்துவிட்டு, வீட்டில் தலைமுடி காய வைக்கும் டிரையரை ஐந்து நிமிடம் காயில் மேல் காட்டுங்கள். சில ஆயிரம் ஓம் என்று நின்றுகொண்டிருந்த எண் சட்டென்று காணாமல் போனால் உள்ளே கம்பி விட்டுவிட்டது. (டிரையரைத் திருப்பித் தரும்போது கிரீஸ் கறையைத் துடைத்துவிடுங்கள், அனுபவம்.) எண் மாறவில்லை என்றாலும் காயில் உத்தமன் என்று சொல்ல முடியாது, மின்னழுத்தம் ஏறும்போது கசியலாம். அப்போது இரண்டு காயிலையும் இடம் மாற்றி மாட்டுங்கள். நோய் காயிலோடு நகர்ந்தால் குற்றவாளி அது. பழைய இடத்திலேயே நின்றால் ட்ரிகரையும் சி.டி.ஐ.யையும் பார்க்க வேண்டும். கழற்றும் முன்பு பெயின்டால் 1, 2 என்று எழுதுங்கள். மேல் சிலிண்டர்தான் 1.

கெட்ட காயிலை மட்டும் மாற்றினால் போதும். ஒயரையும் கேப்பையும் மட்டும் ஜோடியாக மாற்றுங்கள், ஒரே வயதுக்காரர்கள் அடுத்தடுத்துப் படுப்பார்கள். சில காயில்களில் ஒயர் உள்ளேயே வார்த்து வரும். அதை இழுக்காதீர்கள், காயிலோடுதான் மாறும்.

பைக் ஒயர்? உள்ளே செம்பு இழை, 7 மில்லிமீட்டர், உறை நல்லதாக இருந்தால் போடலாம். காருக்கு வரும் கார்பன் ஒயர் வேண்டாம். பழைய ஒயரின் நீளத்துக்கே வெட்டுங்கள். ஃப்ளைவீலில் உரசாமல் கட்டுங்கள். கேப்புக்குள் சிலிக்கான் கிரீஸ் ஒரு சொட்டு. பைக் காயில் மட்டும் வேண்டாம். சி.டி.ஐ. இல்லாத பழைய பாயின்ட் வண்டிக் காயிலும் சி.டி.ஐ. காயிலும் உருவத்தில் அண்ணன் தம்பி, உள்ளே வேறு வேறு.

சோதனையெல்லாம் டிரம்மில்தான், திறந்த வெளியில். புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தட்டு மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். வறண்டு ஓட்டினால், எஞ்சினை ஆற்றும் தண்ணீரை இழுக்கும் இம்பெல்லர் நொடிகளில் கருகிவிடும். கடைசியாக, இருட்டிய பிறகு மூடியைக் கழற்றி ஓடவிட்டு, ஒயர் மேல் நல்ல தண்ணீரை லேசாகத் தெளியுங்கள். கசிவு இருந்தால் நீலப் பூச்சி ஊர்வதுபோல ஒயரில் தெரியும். கை மட்டும் தள்ளியே இருக்கட்டும்.

கேள்வி: மழை முடியும்வரை அவுட்போர்டைப் பாலித்தீனில் சுற்றி வைக்கலாமா?
- ஒரு வாசகி, ஆன்டாப் ஹில்

பதில்: வேண்டாம் அம்மா. உள்ளே வியர்த்து, காயில் எர்த்தெல்லாம் பூத்துவிடும். நிமிர்த்தி நிறுத்தி, தார்ப்பாய் போட்டு, கீழே காற்றுப் போக விடுங்கள்.